இரண்டு 104: அணை மட்டம், காற்று, பீர்மேட்டு அன்னா மணி

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். மருந்து மாத்திரை பேச்சு கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் நம்பர், கிராஃப், நம்ம கம்பம் பள்ளத்தாக்கு.

தேனி மாவட்டத்துல பேப்பரைப் பிரிச்சதும் பலர் முதலில் தேடுறது அணை நீர்மட்டம். முல்லைப் பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி. கிரிக்கெட் ஸ்கோரெல்லாம் அப்புறம்தான். 136, 142, 152 என்ற மூன்று எண்ணையும் நம்ம ஊர்ப் பெரியவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் முழு மட்டம் 152 அடி. பாதுகாப்பு குறித்த பயம் கிளம்பியதால் 1979-ல் அது 136 ஆகக் குறைந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. அதே வருஷம் நவம்பரில் தண்ணீர் 142-ஐத் தொட்டது.

ஆனா அவ்வளவாகப் பேசப்படாத நாலாவது எண் ஒன்று இருக்கு. 104.

தேக்கடிப் பக்கம் இருந்து மலையைக் குடைந்து நம்ம பக்கம் தண்ணீர் வருகிற சுரங்கப் பாதைக்குள், 104 அடிக்கு மேல் நிற்கிற தண்ணீர்தான் நுழைய முடியும். அதற்குக் கீழே எவ்வளவு கிடந்தாலும் தமிழ்நாட்டுக்கு வராது. ஆக, "அணையில் 110 அடி தண்ணீர்" என்று செய்தி வந்தால் நமக்கு உள்ளது 6 அடி. அவ்வளவுதான்!

பார் சார்ட் போட்டால் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கணும் என்று பள்ளியில் சொல்லித் தருவாங்க. நல்ல விதிதான். இந்த அணைக்கு அதை அப்படியே போட்டுப் பாருங்க. 136-ல் இருந்து 142 ஆனது வெறும் 4 சதவீதம் கூடின மாதிரி தெரியும். "இந்த 6 அடிக்கா இத்தனை வருஷ சண்டை?" என்று வெளியூர்க்காரர் கேட்பார். 104-ஐ பூஜ்ஜியமாக வைங்க. 32 அடி, 38 அடி ஆகுது. கிட்டத்தட்ட 19 சதவீதம். நீர்த்தேக்கம் மேலே போகப் போக விரிகிறதால், கன அளவில் இன்னும் அதிகம். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும், லோயர் கேம்ப் மின் நிலையமும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கு. கட்டினபோது அங்கே 35 மெகாவாட் வீதம் நாலு இயந்திரம். 1886 குத்தகை ஒப்பந்தம் பாசனத்துக்காகப் போட்டது. மின்சாரத்துக்கு 1970-ல் தனியாக ஒப்பந்தம் போட வேண்டி வந்தது.

எங்க தொழிலில் இது புதுசு இல்லை. தெர்மாமீட்டர் எங்கேயாவது பூஜ்ஜியத்தில் தொடங்குதா? 98.4 ஃபாரன்ஹீட்டுக்கும் 104-க்கும் வித்தியாசம் 6 சதவீதம்கூட இல்லை. ஆனா முதலாமவர் வீட்டுக்குப் போகலாம், இரண்டாமவரை உடனே அட்மிட் பண்ணணும்.

சரி, அளவை ஒழுங்காக எடுக்கணும் என்று வாழ்நாள் முழுக்கப் பிடிவாதம் பிடித்த ஒருத்தரைப் பற்றிச் சொல்றேன். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். கம்பத்தில் இருந்து குமுளி மலை ஏறி, வண்டிப்பெரியாறு தாண்டினால் பீர்மேடு. அங்கே 1918-ல் பிறந்தவர் அன்னா மணி. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு கொடுக்க வந்தாங்களாம். அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேணும் என்று கேட்டு வாங்கின பிள்ளை.

சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமன் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி வெளிவிடுது என்று ஆராய்ந்தார். (வைரம் கடைசியில் இப்படித்தான் கைக்கு வந்தது.) ஆய்வுக் கட்டுரைகள் வெளியாச்சு, ஆய்வேடும் எழுதிக் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்ற காரணத்தைச் சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் பி.எச்டி. கொடுக்கவில்லை. அவர் அதைப் பெரிசா எடுத்துக்கவே இல்லை. படிக்கிற எனக்குத்தான் இன்னும் ஆறலை.

லண்டனில் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்துவிட்டு, 1948-ல் புனே வந்து இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போ சாதாரண வானிலைக் கருவிக்கும் வெளிநாட்டைத்தான் எதிர்பார்க்கணும். ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடம் தரப்படுத்தி, இங்கேயே செய்ய வைத்தார். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு வந்தபோது, வெயிலின் ஆற்றலை அளக்க நாடு முழுக்க நிலையங்கள் அமைத்தார். தப்பான அளவு எடுப்பதைவிட எடுக்காமலே இருக்கலாம் என்பது அவர் கொள்கை. 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பிறகு பெங்களூரில் உட்கார்ந்து 1980-ல் இந்திய சூரிய வெப்பத் தரவுக் கையேட்டையும், 1983-ல் டி.ஏ. மூலேவுடன் சேர்ந்து காற்றாற்றல் தரவு நூலையும் கொண்டு வந்தார். பக்கம் பக்கமாக எண்கள், கோடுகள். கதைப் புத்தகம் மாதிரி வாசிக்க முடியாது. ஆனா காற்றாலை எங்கே நடலாம் என்று யோசிக்கிறவருக்கு அதுதான் கேஸ் ஷீட்.

ஏன் அவ்வளவு துல்லியம்? காற்றில் உள்ள ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். நொடிக்கு 4 மீட்டர் காற்று 5 மீட்டர் ஆனால், ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதாவது கருவி 10 சதவீதம் கூடுதலாகக் காட்டினால், மின்சாரக் கணக்கு 33 சதவீதம் பொய். கடன் வாங்கி காற்றாலை போட்டவர் கதை முடிஞ்சுது.

வருஷ சராசரியும் ஏமாத்தும். பாதி நாள் 2 மீட்டர், பாதி நாள் 8 மீட்டர் வீசுகிற ஊருக்கும், எல்லா நாளும் 5 மீட்டர் வீசுகிற ஊருக்கும் சராசரி ஒண்ணுதான். ஆனா முதல் ஊர்க் காற்றில் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல். போட்டுப் பார்த்தாச்சு, கணக்கு சரி. அதனால்தான் மாதவாரியாக, மணிவாரியாகப் பதிவு வேணும்.

நம்ம பள்ளத்தாக்கு அந்த முதல் ஊர் வகை. தென்மேற்குப் பருவக்காற்று பீர்மேட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து போய் கம்பம் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வேகமாக இறங்குது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு நாலு கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆண்டிபட்டிப் பக்கம் இறக்கைகள் சுழலும். பிப்ரவரியில் அதே இடத்தில் சும்மா நிற்பதைப் போட்டோ எடுத்து "பாருங்க, வேஸ்ட்" என்று வாட்ஸ்அப்பில் விடுறாங்க. ஒரு நாள் போட்டோ என்பது ஒரு தடவை எடுத்த டெம்பரேச்சர் மாதிரி. சார்ட் வேணும்.

ஆனா அந்த சார்ட்டில் நிஜமாகவே ஒரு சிக்கல் தெரியுது. அணையை நிரப்புறதும் அதே பருவம், காற்றாலையைச் சுத்துறதும் அதே பருவம். தண்ணி மின்சாரமும் காற்று மின்சாரமும் சேர்ந்தே வருது. நமக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுறது அதற்கு முன்னாடி, கோடையில். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இரண்டு கோட்டையும் ஒரே தாளில் வரைஞ்சா நடுவில் இருக்கிற பள்ளம் கண்ணுக்குத் தெரியும். பகலில் அதை அடைக்க வெயில் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு? ஃபேன் நின்னா முதலில் திணறுறது கைக்குழந்தையும் வயசானவங்களும்தான்.

இங்கேதான் இரண்டாவது 104 வருது. உடல் வெப்பம் 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. காற்றுக்கும் வெயிலுக்கும் 40 வருஷத்துக்கு முன்பே தரவு நூல் இருக்கு. வெயிலில் விழுந்த மனிதனுக்கு? விழுந்த இடத்தில் யாரும் வெப்பம் பார்க்காமல், நேரம் கழித்துக் கொண்டு வந்தால், உடம்பு ஆறியிருக்கும். மாரடைப்பு என்று பதிவாகிவிடவும் வாய்ப்பு உண்டு. அந்தச் சாவு எந்த கிராஃபிலும் ஏறாது, நிவாரணமும் வராது.

அதனால் வரும் ஏப்ரல், மே மாதம் காட்டு வேலையிலோ கட்டிட வேலையிலோ யாராவது சுருண்டு விழுந்தால், 108-க்குச் சொல்லிவிட்டு நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. தெர்மாமீட்டர் கையில் இருந்தால் பாருங்க, ஆனா அதுக்காகக் குளிர வைக்கிறதைத் தாமதிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வந்ததும் மூன்று விஷயம் சொல்லுங்க: எத்தனை மணிக்கு விழுந்தார், அதுவரை எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார், தண்ணீர் ஊற்றும் முன் வெப்பம் பார்த்திருந்தால் எவ்வளவு. கேஸ் ஷீட்டில் அதை எழுதச் சொல்லிக் கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.