'படிப்பு ஏறாது' என்று எழுதிக் கொடுத்த காலம்

இங்கிலாந்தில் 1971 மார்ச் கடைசி வரைக்கும், ஒரு குழந்தையைப் பார்த்து 'இதற்குப் படிப்பு ஏறாது' என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்க முடிந்தது. வாய்ப்பேச்சாக அல்ல, சட்டப்படி. 1944ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. டாக்டர் சோதித்துப் பார்ப்பார். ஐ.க்யூ. என்கிறோமே, அது ஏறக்குறைய 50க்குக் கீழே இருந்தால் கல்வி இலாகா அந்தப் பிள்ளையைக் கைகழுவிச் சுகாதார இலாகாவிடம் ஒப்படைத்துவிடும். பெற்றோருக்குக் கடிதம் வரும். அப்புறம் பயிற்சி மையமோ, ஊருக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரியோ, வீட்டு மூலையோதான்.

நம் பக்கத்தில் இப்படிக் கடிதம் கொடுத்தவர் யாரும் இல்லை. கடிதம் இல்லாமலே வேலை நடந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு நாங்கள் வீடு வீடாகப் போகும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் காட்டி, "அதை எழுத வேண்டாம் சார்" என்பார்கள். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். அதனால்தான் அந்த இங்கிலாந்துச் சட்டம் எப்படிப் போனது என்று தேடிப் படித்தேன். அந்தக் கதையில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1968இல் வேலையைத் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி மையத்துக்கு முக்கியமான பங்கு உண்டு. பெயர், ஹெஸ்டர் ஏட்ரியன் ஆராய்ச்சி மையம்.

யார் இந்த ஹெஸ்டர் ஏட்ரியன்? நோபல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர் ஏட்ரியன் பிரபுவின் மனைவி. மலையேறும்போது நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர். இவருடைய தாயார் எல்லன் பின்சென்ட்டும் இதே துறையில் பேர் பெற்றவர்தான். 1904இல் அமைத்த அரசக் குழுவில் உறுப்பினர். ஆனால் அந்த அம்மாள், மனவளர்ச்சி குன்றியவர்களைச் சமூகத்திலிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் ஆயுள் முழுக்க வைக்க வேண்டும் என்ற கட்சி. மகள் 1954 முதல் 1957 வரை இன்னோர் அரசக் குழுவில் இருந்தார். அந்தக் குழுவோ, இவர்களை ஆஸ்பத்திரியில் அடைக்காமல் ஊருக்குள்ளேயே வைத்துப் பராமரிக்கச் சொன்னது. ஒரே குடும்பம், ஐம்பது வருஷ இடைவெளி. ஹெஸ்டர் 1966இல் காலமானார். மையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இதற்குப் பத்து வருஷம் முன்பே ஒரு சோதனை நடந்திருந்தது. ஜாக் டிசார்ட் என்ற உளவியலாளர் லண்டன் ஃபவுண்டன் ஆஸ்பத்திரியிலிருந்து 16 குழந்தைகளை புரூக்லாண்ட்ஸ் என்ற வீட்டுக்குக் கூட்டிப் போனார். இன்னொரு 16 பேர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு விளையாட்டு, பேச்சு, கூடவே இருந்து கவனிக்கும் ஆட்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், பேச்சில் இந்த 16 பேர் அந்த 16 பேரைத் தாண்டிப் போயிருந்தார்கள். அப்படியானால் குறையில் ஒரு பகுதி குழந்தையிடம் இல்லை, வைத்திருந்த இடத்தில்தான் இருந்தது.

மான்செஸ்டர் மையத்தின் முதல் இயக்குநர் பீட்டர் மிட்லர். 1930இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு, குழந்தைகளை மட்டும் ஏற்றி அனுப்பிய ரயில் ஒன்றில் சிறுவனாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அவர் விட்டு வந்த அதே வியன்னாவில், போர்க் காலத்தில், உடல் ஊனமும் மனவளர்ச்சிக் குறையும் உள்ள நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஆஸ்பத்திரியில் வைத்தே கொன்றார்கள். 'பயனில்லாத உயிர்' என்ற பேச்சு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மையம் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது, பெற்றோரையும் ஆசிரியர்களாக ஆக்கியது. அதற்கு முன் நிபுணர் பேசுவார், தாய் தலையாட்டுவாள். இங்கே பெற்றோருக்கு வகுப்புகள் நடத்தினார்கள். கிளிஃப் கன்னிங்ஹாம் 1973 முதல் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பிறந்த வீடுகளுக்கே ஆள் அனுப்பி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து அவர்கள் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்தார். டோரதி ஜெஃப்ரீயும் ராய் மெக்கான்கியும் பேச்சுப் பழக்குவது பற்றிப் பெற்றோருக்காகவே 1976இல் ஒரு புத்தகம் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் இத்துறையில் பரவிய ஒரு முறையைச் சொல்கிறேன், பேரப்பிள்ளைகளிடமும் பலிக்கும். சட்டை போடச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? தலை வழியாகவும் கை வழியாகவும் நாமே போட்டுவிட்டு, கடைசியில் கீழே இழுத்து விடுவதை மட்டும் பிள்ளைக்கு விட வேண்டும். இழுத்ததும் 'நான் போட்டேன்' என்ற சந்தோஷம் வரும். அது பழகியதும் ஒரு படி பின்னால் போய், கையை நுழைப்பதையும் பிள்ளையிடம் விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிள்ளை வெற்றியில்தான் முடிக்கும். முன்னாலிருந்து ஆரம்பித்தால் தோல்வியில் முடியவும் கூடும்.

1970இல் பார்லிமென்ட் புதுச் சட்டம் கொண்டுவந்தது. 1971 ஏப்ரல் 1 முதல் எல்லாக் குழந்தையும் கல்வி இலாகாவின் பொறுப்பு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் மாணவர்கள் ஆனார்கள். அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று ஆசிரியர்கள் திகைத்து நின்றபோது, மான்செஸ்டரில் மூன்று வருஷ வேலை கைவசம் இருந்தது. 1978இல் வார்னாக் குழுவின் அறிக்கை, ஐந்தில் ஒரு பிள்ளைக்கு எப்போதாவது தனி உதவி தேவைப்படும் என்றது. எல்லோரும் ஒரே பள்ளியில் என்ற உள்ளடக்கிய கல்விப் பேச்சு பின்னர் வலுத்தது. மிட்லரும் 2000இல் அது பற்றி ஒரு நூல் எழுதினார். நம் நாட்டில் மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது 1974இல்.

2006இல் மிட்லருக்கு 76 வயது. அல்சைமர் நோயின் ஆரம்பக் கட்டம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதே வருஷம் டிசம்பரில்தான் ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. மறதி நோயாளிகளும் அந்த உடன்படிக்கைக்குள் வருகிறார்கள், நோய் தெரிந்த அன்றிலிருந்தே அவர்களுக்குப் பயிற்சியும் உதவியும் கேட்கும் உரிமை உண்டு என்று அவர் வாதாடத் தொடங்கினார். 2010இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். பிறகு, மறதி நோய் உள்ளவர்கள் தாங்களே நடத்தும் சர்வதேச அமைப்பு ஒன்றுக்கு மனித உரிமை ஆலோசகராகவும் இருந்தார்.