தலைக்கட்டு வரியும் வள்ளி திருமணமும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, நம் வட்டாரத்து இரவு நாடகங்களைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. இன்று மதுரைக்குப் போய்ப் பிள்ளைகளோடு ஒரு சினிமா பார்த்துத் திரும்பினால் ஆகிற செலவு எல்லோருக்கும் தெரியும். மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் ஒரு குடும்பமே விடிய விடிய நாடகம் பார்த்த காலத்தில் செலவு எப்படிச் சமாளிக்கப்பட்டது என்பதே ஒரு நல்ல சரித்திரம்.

திருவிழா நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் இலவசமும் அல்ல. மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு, மாசி பங்குனியில் பொங்கல் சாட்டுவார்கள். ஊர்க்கூட்டம் கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடும். கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. வீட்டில் எத்தனை பிள்ளை, எத்தனை கிழவி என்று யாரும் எண்ணமாட்டார்கள். ஏழு பிள்ளை பெற்றவருக்கும் அதே வரி. பிள்ளை இல்லாதவருக்கும் அதே வரி. மேளம், மைக்செட், பந்தல் எல்லாம் போக மிச்சத்தில்தான் நாடகம். மழை பொய்த்த வருஷம் நாடகமும் பொய்த்துவிடும்.

டவுனில் கதை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். நடிகர்கள் எல்லாம் பையன்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்துதான் வளர்ந்தார்கள். தகப்பனை இழந்த எம்.ஜி.ஆர். சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வயிற்றுப்பாட்டுக்காக. டிக்கெட் வாங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மேடையிலே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நாற்காலியிலே. 1931-ல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. அதற்குப் பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாக மங்கின.

ஆனால் சுவாமிகளின் நாடகங்கள் கிராமத்தில் சாகவில்லை. காரணம் ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாடு. இதில் கம்பெனியும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார்கள். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லோருக்கும் தனித்தனிச் சம்பளம். சில சமயம் அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடும். முழுக் கம்பெனியையும் வருஷம் பூராவும் கட்டித் தீனி போட வேண்டியதில்லை. ஒரு ராத்திரிக்கு மட்டும் கொடுத்தால் போதும். சின்ன ஊருக்கும் நாடகம் கட்டுபடியானது இதனால்தான்.

நாங்கள் போனதும் அப்படித்தான். சாயங்காலமே சாக்கையும் பாயையும் போட்டு இடம் பிடித்துவிட வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மடியிலே வறுத்த கடலை. பத்து மணிக்கு மேல் பபூன் வருவார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளைகள் முழிச்சிருக்கிற நேரத்தில் பபூனும் டான்ஸும் பேசுவதெல்லாம் பெரியவர்களுக்கான பேச்சு. பிள்ளைகள் பார்க்க வேண்டிய முருகன் வருகிற நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் நல்ல தூக்கம். "ஏய், எந்திரிடா, முருகன் வந்துட்டாரு"ன்னு எங்க அப்பத்தா தொடையில் கிள்ளி எழுப்பும்.

நல்லதங்காள் போட்டால் மட்டும் யாரும் எழுப்ப வேண்டியதில்லை. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணி மூளி அலங்காரி சோறு மறுக்க, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்ட தாயின் கதை. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்கு இது கதை மாதிரியா இருக்கும்? மேடையில் ஒவ்வொரு பிள்ளையாகப் போக, கீழே தாய்மார்கள் தூங்குகிற பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள்.

அரசியலும் இந்தச் சாக்கு மேலே உட்கார்ந்துதான் நம் முன்னோர் காதில் விழுந்தது. சிவகாசியில் 1886-ல் பிறந்த விஸ்வநாததாஸ், முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடுவார். பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில், அதே முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். மருத்துவர் குலத்தில் பிறந்த அவரோடு சேர்ந்து நடிக்கச் சில நடிகைகள் மறுத்தார்கள் என்பதும் அதே சரித்திரத்தில் உண்டு.

அதைச் சொன்னால் இதையும் சொல்லியாக வேண்டும். தலைக்கட்டு வரி எல்லோரையும் அணைத்துக்கொண்டது என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். பல ஊர்களில் சில தெருக்காரர்களிடம் வரியே வாங்கமாட்டார்கள். அது சலுகை இல்லை. வரி கொடுத்தவனுக்குத்தான் சாக்கு விரிக்க உரிமை. மற்றவர்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் முடிகிற இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நாடகம் நன்றாய் இருந்தது என்று எழுதும்போது அந்த இருட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிறகு டி.வி. வந்தது. திருவிழா மேடைக்கு இன்னிசைக் கச்சேரியும் ஆடல் பாடலும் வந்தன. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு போட்டன. தூங்குகிற நோயாளிகளை நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து மணிக்குத்தான் நம் நாடகமே தொடங்கும்! 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து திருவிழாக்கள் நின்றன. மாசியிலிருந்து வைகாசி வரை சம்பாதித்ததை வைத்து வருஷத்தை ஓட்டுகிற நடிகர்கள், ஒரே அடியில் அந்தச் சீசனை இழந்தார்கள். இப்போதும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் அந்தக் கலைஞர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

சங்கத்தாருக்கு ஒரு யோசனை. அடுத்த சந்திப்புக்கு மெல்லிசைக்குப் பதிலாக ஒரு 'வள்ளி திருமணம்' வைப்போம். சாயங்காலம் ஐந்து மணிக்கே தொடங்கி பத்துக்குள் முடிக்கச் சொல்லலாம். பபூனிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். வசூல் தலைக்கட்டுக் கணக்கில் இருக்கட்டும்; பேரன் பேத்திகளை எண்ண வேண்டாம். கல்லூரியில் சமையல் செய்கிறவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்வரிசையிலேயே பாய் விரித்து வைப்போம்.