தாளாளரும் முத்தவல்லியும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பார்வை

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் சுருளி மலைச்சாரலை அடுத்து அமைந்துள்ள காமயகவுண்டன்பட்டி, விடுதலைப் போரில் சிறை சென்றோர் பலரைத் தந்த ஊர். அண்ணல் காந்திக்குக் கோயில் எடுத்த ஊர். திராட்சைத் தோட்டங்களால் அதனை அறிந்தோரும் உளர். 1895இல் நிறைவுற்ற பெரியாறு அணை மலைக்கு மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியபின் கம்பம் பள்ளத்தாக்கு நன்செய் நிலமாயிற்று. நெல்லும், மலைமேல் ஏலமும் பொருள் சேர்த்தன. ஆயினும் பள்ளியிறுதி முடித்த பிள்ளை மேலே படிக்க வேண்டுமாயின், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள மதுரைக்கே செல்ல வேண்டியிருந்தது. காமயகவுண்டன்பட்டி உழவரின் மகனுக்கும் கம்பத்து ராவுத்தரின் மகனுக்கும் இந்நிலை ஒன்றே.

1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றியதும் இந்நிலை மாறிற்று. மதுரைப் பல்கலைக்கழகம் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் கல்லூரி காண்பது எளிய செயலன்று. அது ஒரு தனி நிகழ்ச்சியுமன்று. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே வழிகாட்டியிருந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும், அதே ஆண்டில் சென்னையில் நீதியரசர் பஷீர் அகமது சயீது அவர்களின் முயற்சியால் மகளிர் கல்லூரியும் எழுந்தன. நாட்டுப் பிரிவினைக்குப் பின் தலைமையிழந்து நின்றதாகக் கருதப்பட்ட சமுதாயம் ஓரிரு பதின்மங்களில் நிகழ்த்திய இச்சாதனையைப் போற்றி நாம் நிறைய எழுதியுள்ளோம். அக்கல்லூரிகளை ஆள்வோர் யார், எவ்வுரிமையால் ஆள்கின்றனர், யாருக்குக் கணக்குக் காட்டுகின்றனர் என்பதைப் பற்றி எழுதியது குறைவே.

இதே மாவட்டத்தில் பின்னாளில் எழுந்த கல்லூரிகளை நோக்கினால் இக்கேள்வியின் பொருள் விளங்கும். பெரியகுளத்தில் 1971இல் தொடங்கிய ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, அருட்சகோதரியர் சபை ஒன்றின் ஆட்சியில் உள்ளது. போடிநாயக்கனூரில் 1972இல் ஏல விவசாயிகள் சங்கம் தன் பெயராலேயே ஒரு கல்லூரியை நிறுவியது. தேனியில் நாடார் சரஸ்வதி கல்லூரியை நடத்துவது மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை. துறவியர் சபை தன் மேலிடத்துக்குக் கட்டுப்பட்டது. சங்கத்துக்கு உறுப்பினர் உண்டு. உறவின்முறைக்கோ மகமை கொடுத்து உரிமை பெறும் பழைய மரபு உண்டு. மகமை கொடுத்தவன் கணக்குக் கேட்பான். கொடையாளர் ஒருவரின் வள்ளன்மையால் தோன்றிய கல்லூரிகளில் கேட்கும் உரிமையுடையவர் யார் என்பது இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. பள்ளிவாசலின் வரவு செலவை ஜமாஅத்தார் முன் வாசிக்கும் ஊர்கள் பல; அதே ஊரின் பெருமையாகிய கல்லூரியின் வரவு செலவு அவ்வாறு வாசிக்கப்பட்டதாக நாம் கேள்வியுற்றதில்லை.

நாட்டுச் சட்டம் இங்கு ஓர் இடைவெளியை விட்டுள்ளது. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், முதல்வரும் மூத்த பேராசிரியர்களும் இடம்பெறும் கல்லூரிக் குழுவைத் தனியார் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்கிற்று. ஆனால் சிறுபான்மையினர் கல்லூரிகளை அதிலிருந்து விலக்கிற்று. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தந்த உரிமையின் விளைவு அது. அவ்வுரிமை அரிதின் பெற்றது. அதனைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. 1974இல் அகமதாபாத் புனித சேவியர் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், ஆட்சிக்குழுவில் வெளியாரைப் புகுத்தும் குஜராத் அரசின் விதி சிறுபான்மையினர் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்த்தது. ஆயினும் 1958இலேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்று அதே நீதிமன்றம் வரம்பு கட்டியிருந்தது. நம்மவர் முதல் தீர்ப்பை நன்கு நினைவில் வைத்துள்ளனர். இரண்டாவதை அத்துணை நினைப்பதில்லை. தன்னாட்சி பெற்ற கல்லூரிகளின் ஆட்சிக்குழுவில் பல்கலைக்கழகத்தின் நியமனரும் அமர்கிறார் என்பது உண்மையே. ஆனால் அக்குழு பாடத்திட்டத்தையும் தேர்வையும் பார்க்குமளவுக்கு அறக்கட்டளையின் கருவூலத்தைப் பார்ப்பதில்லை. சுயநிதிப் பாடப்பிரிவுகள் பெருகியபின், அரசு ஊதியம் தரும் பகுதிக்கு ஒரு கணக்கும் கட்டணத்தில் இயங்கும் பகுதிக்கு வேறொரு கணக்குமாக ஒரே வளாகம் இரண்டாயிற்று. தாளாளரின் அதிகாரம் வளர்ந்தது இரண்டாவது பகுதியிலேதான்.

இஸ்லாமிய மரபு இதுபற்றி என்ன கூறுகிறது? வரலாற்றறிஞர் ஜார்ஜ் மக்தீசி 1981இல் வெளியிட்ட நூலில், மதரஸா என்பது சட்டநோக்கில் ஓர் அறக்கட்டளையே என்றும், மேற்கின் கல்லூரி அமைப்புக்கு வக்ஃபு முன்னோடியாயிற்று என்றும் வாதிட்டார். 1067இல் பக்தாதில் திறக்கப்பெற்ற நிஜாமிய்யாவில் ஆசிரியரை அமர்த்தவும் நீக்கவும் உரிய அதிகாரத்தை நிஜாமுல் முல்க் தம்மிடமே வைத்துக்கொண்டதை அவர் விரிவாக எடுத்துக்காட்டுகிறார். நிறுவனரும் அவர் வழியினரும் நிறுவனத்தை ஆள்வது நமது மரபுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று. தமிழகத்துத் தாளாளர் பரம்பரைகளுக்கு இதைவிட உயர்ந்த முன்மாதிரி வேண்டுமோ என்று ஒருவர் கேட்கலாம்.

ஆனால் மரபின் மறுபாதியும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். அம்மத்ஹபின் பெருநூலாகிய ஹிதாயாவில் இமாம் மர்கீனானி (ரஹ்) இப்பொருளை விரிவாக ஆய்கிறார். வக்ஃபு செய்தவர் நிர்வாகத்தைத் தமக்கே வைத்துக்கொள்ளலாம் என்பது இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்களின் கருத்து. சொத்தை முத்தவல்லியிடம் ஒப்படைத்தாலன்றி வக்ஃபு நிறைவுறாது என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. முன்னவர் கருத்தையே ஏற்றாலும் ஒரு வரம்பு உண்டு. நிர்வாகம் தமக்கே உரியது, ஆட்சியாளரோ காழியோ தம்மை நீக்கலாகாது என்று நிறுவனர் ஷரத்து எழுதி வைத்து, பின்னர் அவர் நம்பிக்கைக்குரியவரல்லர் எனத் தெரியவந்தால், காழி அவரை நீக்கலாம். அந்த ஷரத்து செல்லாது. கொடுத்தவரே ஆயினும் கொடுத்தபின் அது அமானிதம்.

வக்ஃபிலிருந்து நிறுவனரின் உரிமையை எடுத்துக்கொண்ட நாம், காழியின் கண்காணிப்பை விட்டுவிட்டோம் என்றே தோன்றுகிறது. பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ கல்லூரியை அமைக்கும்போது அந்த இடத்துக்கு உரிமையியல் நீதிமன்றம் வருகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, பொது அறக்கட்டளையில் அக்கறையுடைய இருவர் நீதிமன்ற அனுமதி பெற்று, கணக்குக் கோரியும் அறங்காவலரை நீக்கக் கோரியும் வழக்கிடலாம். ஊருக்குள் உறவாக வாழும் இருவர், தம் பிள்ளைகள் பயிலும் கல்லூரியின் மீது வழக்கிடத் துணிவரோ என்பது வேறு செய்தி. 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், முஸ்லிம்கள் நிறுவிய அறக்கட்டளைகள் வக்ஃபுச் சட்டத்தின் ஆட்சிக்குள் வாரா என்று வகுத்துள்ளது. அதன் பிற பிரிவுகளைப் பற்றி நாடெங்கும் வாதம் நிகழ, இப்பிரிவு கல்லூரி நடத்துவோரிடையே அதிகம் பேசப்படவில்லை. வக்ஃபு வாரியத்தின் தலையீட்டுக்கு அஞ்சியவர்களுக்கு இது ஆறுதல் தரலாம். கண்காணிப்பை விரும்புவோர்க்கு இனி வெளியே தேட இடமில்லை, அறக்கட்டளைப் பத்திரத்திலேயே அதனை எழுதிக்கொள்ள வேண்டும்.

அறங்காவலர் ஆட்சி வேறொரு வடிவில் வளர்ந்த நாடு அமெரிக்கா. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கிய இளநிலைக் கல்லூரியே அங்கு இன்றுள்ள பொதுச் சமுதாயக் கல்லூரிகளின் மூத்தது. அம்மாநிலத்தில் கல்லூரிக்கெனத் தனி மாவட்டம் வகுத்து, அங்கு வாழும் வாக்காளர் ஏழு அறங்காவலரை ஆறாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். மாணவர் ஒருவரும் கருத்துரைக்கும் உரிமையுடன் அமர்கிறார். கல்லூரிக்குச் சொத்துவரி கொடுப்பவர் அவ்வூரார். ஆதலால் கூட்டங்கள் ஊரார் முன் நடக்கின்றன. தமிழகத்தில் 1996இல் சென்னை மயிலை மறைமாவட்டம் சமுதாயக் கல்லூரி தொடங்கியது முதல் அப்பெயரும் தொழிற்கல்வி நோக்கமும் இங்கு வந்தன. தேர்ந்தெடுக்கப்படும் அறங்காவலர் மட்டும் வரவில்லை.

தேர்தல் எல்லாவற்றையும் சீர்செய்துவிடும் என்றும் கொள்ளலாகாது. கலிபோர்னியாவின் காம்ப்டன் கல்லூரியை மக்கள் தேர்ந்தெடுத்த குழுவே நிதிச் சீர்கேட்டில் ஆழ்த்திற்று. 2004இல் மாநில அரசு அக்குழுவின் அதிகாரத்தை நிறுத்தித் தனி அறங்காவலரை அமர்த்தியது. 2006இல் கல்லூரி தன் தரச்சான்றையே இழந்தது. அதனை மீட்டது 2017இல்தான். நம்பிக்கைக்குரியவரல்லாத முத்தவல்லியைக் காழி நீக்கும் ஹிதாயாவின் விதியை அறிந்தோர்க்கு இந்நிகழ்ச்சி அயலானதாகத் தோன்றாது. குழு எவ்வழியில் அமைந்தாலும் அதற்கு மேல் கேட்பார் ஒருவர் இருந்தமையே அக்கல்லூரியை மீட்டது.

சிறுபான்மையினர் கல்லூரிக்குக் கல்லூரிக் குழு கட்டாயமன்று என்றே 1976ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கூடாது என்று கூறவில்லை. முதல்வரையும் மூத்த ஆசிரியரையும் ஆட்சிக்குழுவில் அமர்த்துவதை, சுற்றூர் ஜமாஅத்துகளுக்கும் முன்னாள் மாணவர்க்கும் இடம் தருவதை, ஆண்டுக் கணக்கை அச்சிட்டு வழங்குவதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. சகோதர சமயத்துப் பிள்ளைகளும் பெருமளவில் பயிலும் இக்கல்லூரிகளில், காமயகவுண்டன்பட்டியின் முன்னாள் மாணவர் ஒருவர் கணக்கேட்டைப் புரட்டுவதால் சிறுபான்மை உரிமை குறைந்துவிடும் என்று நாம் கருதவில்லை.

பெண்கள் ஆட்சிக்குழுவில் அமர்வது பற்றித் தயங்குவோர்க்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. கைபரில் கிடைத்த நிலத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரைப்படி உமர் (ரலி) அவர்கள் அறமாக்கினார்கள். வக்ஃபின் தோற்றுவாயாக அறிஞர்கள் காட்டுவது அதனையே. அவர்களுடைய வக்ஃபுப் பத்திரத்தின் வாசகம் அபூ தாவூதின் தொகுப்பில் உள்ளது. அதன்படி முதல் நிர்வாகி, உமர் (ரலி) அவர்களின் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்கள், தம் வாழ்நாள் முழுமைக்கும். அவர்களுக்குப் பின் நிர்வகிக்க வேண்டியவர் யார் என்று ஒரு பெயரும் அதில் எழுதப்படவில்லை. குடும்பத்தாருள் தெளிந்த கருத்துடையவர் என்று மட்டுமே எழுதப்பட்டுள்ளது.