ஆழியடியில் அமிழ்ந்த கலங்கள்

திருகோணமலை உள்துறைமுகத்தின் கரையில் நின்று நோக்குவோர்க்கு நீர்ப்பரப்பு ஓர் ஏரியைப் போல் அமைதியுற்றுக் கிடப்பது தெரியும். சூழவுள்ள குன்றுகள் காற்றைத் தடுத்து நிற்பதனால் அலைகளின் ஆரவாரம் அங்கே குறைவு. அவ்வமைதியைக் கண்டு, அதன் அடியில் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுதல் எளிது. ஆயினும் ஒரு காலை நேரத்துப் போர் அந்நீருக்குள்ளும் அதற்கப்பாலுள்ள கீழைக் கடலுக்குள்ளும் விட்டுச் சென்றவற்றை மனிதன் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் திகதி காலை, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நான்கு நாள்களுக்கு முன்னர் கொழும்பு கண்ட காட்சியை அன்று கிழக்குக் கரை கண்டது. சீனக்குடா விமானத்தளமும் கடற்படைத் தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. துறைமுகத்தினுள் நங்கூரமிட்டிருந்த கப்பல்களுள் 'சகாயிங்' என்பது ஒன்று. பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையிலுள்ள ஒரு நகரின் பெயரைத் தாங்கிய இக்கப்பல், அந்நாட்டுடன் வணிகம் நடத்துவதற்கெனப் பிரித்தானியக் கம்பனியொன்றினால் 1920களில் கட்டுவிக்கப்பட்டது. பயணிகளையும் சரக்கையும் ஏற்றிய அக்கலம் போர்க்காலத்தில் போர்ச்சரக்கு ஏற்றும் கலமாயிற்று. குண்டுபட்டுத் தீப்பற்றிய அதனை மீண்டும் கடலோடச் செய்ய இயலவில்லை. அடுத்த ஆண்டு, 1943இல், இறங்குதுறையாகவேனும் பயன்படட்டும் என்று கருதி அதனைத் துறைமுகத்திலேயே அமிழ்த்திவிட்டனர். எரிந்த கப்பலுக்கும் ஏதோவொரு வேலையைக் கண்டுபிடிப்பது போர்க்காலத்துச் சிக்கனம் போலும்!

போர் முடிந்தது, ஆட்சி மாறியது, கப்பல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டின் பின்னர், 2017 செப்டெம்பரில், இலங்கைக் கடற்படையின் கிழக்குக் கட்டளையைச் சேர்ந்த சுழியோடிகள் அதனை மேலெழுப்பும் பணியைத் தொடங்கினர். 452 அடி நீளமுடைய அக்கலம் 35 அடி ஆழத்திற் கிடந்தது. 35 அடிதானே, பாரந்தூக்கியால் இழுத்து எடுத்துவிடலாகாதா என்று நேயர்கள் வினவலாம். அவ்வாறு எடுக்க முடியாமைக்குக் காரணம் உண்டு. பல்லாண்டுகளாகச் சேற்றிற் புதைந்த கலத்தை அச்சேறே பற்றிப் பிடித்துக்கொள்கின்றது. துருப்பிடித்த இரும்போ தன் நிறையைத் தானே தாங்கும் வலிமையை இழந்திருக்கும். கயிறு கட்டி இழுத்தால் கையோடு வருவது கப்பலாக இராது. கப்பலின் ஒரு துண்டாகத்தான் இருக்கும்.

ஆகவே, கப்பலைத் தூக்குவதற்குப் பதிலாகக் கப்பலைக் கொண்டே கப்பலை மிதக்கச் செய்ய வேண்டும். அதற்குரிய தத்துவம் ஆர்க்கிமிடீசு கண்டறிந்த பழைய தத்துவமே. உடலிலுள்ள துவாரங்களை அடைத்து, உள்ளே நிரம்பிய நீரை இறைத்து வெளியேற்றினால், கலம் தான் விலக்கும் நீரின் நிறையினால் தானே எழும். ஆயின் மேல்விளிம்பே நீருக்குள் மூழ்கியிருந்தால், இறைக்க இறைக்க மேலிருந்து நீர் புகுந்துகொண்டேயிருக்கும். ஓட்டைச் சாலில் நீர் மொண்ட கதையாகும். எனவே கப்பலின் பக்கங்களின் மீது செயற்கைச் சுவரொன்றை எழுப்பி, அதன் விளிம்பை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவருவர். கடற்படையினரும் இம்முறையிலேயே சிதைந்த உடலை மாதக்கணக்கில் வலுப்படுத்திப் பக்கச்சுவர் அமைத்து, பின்னரே நீரிறைக்கும் பொறிகளை இயக்கினர். இறைக்கும்போதும் அவசரம் ஆகாது. உள்ளே எஞ்சிய நீர் ஒரு பக்கம் சாய்ந்தால் கப்பலும் அப்பக்கம் சாய்ந்து கவிழும். 2018 மார்ச்சில் சகாயிங் மீண்டும் மிதந்தது. எழுபத்தைந்து ஆண்டு நீருக்குள் இருந்த கலம் வெயிலைக் கண்ட செய்தியைக் கேட்டு வியவாதார் குறைவு.

இத்தகைய பணி எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்துவதன்று, பொருந்தவும் கூடாது. அதே ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானியக் கப்பல் மூழ்கியது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிடப்பட்டு, அவ்வாறே கட்டத் தொடங்கப்பெற்ற முதற் கலம் அதுவே. தாக்குதல் வருமென அறிந்து முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டு வெளியேறிய அக்கலத்தில், தற்காப்புக்கு ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் கரையில் இருந்தன. காலையிற் கண்டுபிடிக்கப்பட்ட கப்பலைச் சிறிது நேரத்திலேயே குண்டுகள் அழித்தன. 307 பேர் மாண்டனர். உடன்சென்ற அவுஸ்திரேலிய நாசகாரியான 'வம்பயர்' கலமும் அமிழ்ந்தது. அவ்வழியே சென்ற 'வீற்றா' என்னும் வைத்தியக் கப்பல் நீரில் தத்தளித்தோரை நூற்றுக்கணக்கில் ஏற்றிக் காப்பாற்றியது.

ஹேர்மிஸ் கிடக்கும் ஆழம் ஐம்பது மீற்றருக்கும் மேல். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடிச் செல்கின்றது. சகாயிங் கிடந்த ஆழத்தில் சுழியோடியின் உடல்மீது இரு மடங்கு அமுக்கம் என்றால், ஹேர்மிஸ் அருகே அது ஆறு மடங்குக்கும் அதிகம். அவ்வமுக்கத்தில் சுவாசிக்கும் சாதாரண வளியிலுள்ள நைதரசன் மதுவுண்டவனைப் போல் மனத்தை மயக்கும். விரைந்து மேலெழுந்தாலோ, குருதியிற் கரைந்திருந்த அவ்வாயு, மூடி திறந்த சோடாப் போத்தலில் நுரை எழுவதுபோலக் குமிழிகளாகி உயிரையே பறிக்கும். ஆதலால் ஈலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தும், மேலெழும் வழியிற் படிப்படியாகத் தங்கியும் வருதல் வேண்டும். சில நிமிடம் கப்பலைக் காண்பதற்கு, ஏறி வருவதிற் பல நிமிடம் செலவாகும். இவ்வளவு பாடுபட்டுச் செல்வோர் அதிலிருந்து எதனையும் எடுத்து வருதல் முறையாகாது என்பதே என் துணிபு. அது மாண்டோர் பலர்க்குக் கல்லறை. கல்லறையில் நினைவுப்பொருள் பொறுக்குவதற்கு எந்த நாட்டிலும் நல்ல பெயர் இல்லை.

கடலடியைக் காணும் ஆற்றல் திருகோணமலைக்கு வேறொரு வகையிலும் பயன்பட்டது. 1943இல் பிரான்சு தேசத்தில் கூஸ்தோவும் ககனானும் அமைத்த நீரடிச் சுவாசக் கருவி, போருக்குப் பின் உலகெங்கும் பரவிற்று. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் அக்கருவியுடன் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் இறங்கினர். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேசுவர ஆலயத்தின் தூண்களும் செதுக்குக் கற்களும் அங்கே பாறைகளுக்கிடையே கிடந்தன. வில்சன் கண்டெடுத்த இலிங்கம் பின்னர் ஆலயத்தைச் சேர்ந்தது. மீன்களைப் படம்பிடிக்க வந்த அவர் பிற்காலத்தில் காவியுடுத்துச் சுவாமி சிவ கல்கி என வழங்கப்பட்டார் என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் பொருந்தும்.

இன்று சுழியோடி இறங்குமுன்னரே கருவிகள் இறங்கிவிடுகின்றன. ஒலியலையைச் செலுத்தி அதன் எதிரொலியால் கடலடியை வரைந்து காட்டும் சோனார், புதைந்த இரும்பை உணரும் காந்தமானி, ஒளிவிளக்குடன் ஆழத்திற் சென்று படம் அனுப்பும் ஆளில்லாக் கலம் ஆகியன அவற்றுட் சில. எனினும் இக்கருவிகளுக்கு எங்கே தேடுவது என்பதை ஒருவர் சொல்லியாக வேண்டும். கரையோர மீனவர் அதனை அறிவர். மூழ்கிய கப்பல் அவர்களுக்கு ஒரு பாறைப்பாரைப் போன்றது. அங்கே வலை கிழியும், மீனும் திரளும். மன்னார்ச் சலாபத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி இறங்கிய முத்துக்குளிப்போர் கருவி எதனையும் கண்டாரல்லர்.

2003இல் அம்பாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள கொடவாய என்னுமிடத்திலும் இதுவே நிகழ்ந்தது. சங்கு எடுக்கக் கடலில் மூழ்கிய மீனவர் இருவர் முப்பது மீற்றருக்கும் மேலான ஆழத்தில் ஒரு கற்பலகையைக் கண்டனர். அம்மிபோல் அரைப்பதற்குரிய அதன்மீது மங்கலச் சின்னங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பின்னர் தொல்லியலாளர் வந்து ஆராய்ந்தபோது கண்ணாடிக் கட்டிகளும் உலோகமும் ஏற்றிச் சென்ற ஒரு கப்பலின் எச்சம் அங்கே வெளிப்பட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய அதுவே இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட கப்பற் சிதைவுகளுள் மிகத் தொன்மையானது.