கறுப்பு மணலும் கோரல் ஊரும்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிற்பாட்டினார்கள். புல்மோட்டையில் இரவானால் கடல் சத்தமும் நுளம்பும்தான். அந்த நாட்களில்தான் நாங்கள் மூன்று பேர் ஒரே போனில் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ விளையாடத் தொடங்கினோம். எங்களை விட வயது கூடிய ஒரு விளையாட்டு. ஆக்களின் உருவமெல்லாம் கட்டை கட்டையாக, கை மட்டும் பெரிதாக இருக்கும். முதல் நாள் சிரித்தோம்.

ஒரு போனில் மூன்று பேர் விளையாடலாம் என்பதற்குக் காரணம், அது முறை வைத்து விளையாடுகிற விளையாட்டு. சண்டை என்றால் ஓடி ஓடிச் சுடுவதில்லை. உங்கள் ஆளின் முறை வரும், அடிப்பதா, மந்திரம் போடுவதா, மருந்து கொடுப்பதா என்று பட்டியலில் தெரிவுசெய்ய வேண்டும். ஆளுக்கொரு பாத்திரம் என்று பிரித்துக்கொண்டோம். முறை வந்தவனுக்குப் போன் போகும். தாயம் விளையாடும்போது சோகி கைமாறுவது போலத்தான்.

இந்த வகை விளையாட்டு மேசையில் பிறந்தது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளியிட்டார்கள். தாளும் பென்சிலும் பகடையும் போதும். ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் அதற்குள் ஆளாக நடிப்பார்கள். பிறகு பல்கலைக்கழகக் கணினிகளில் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டு இதை எழுதிப் பார்க்கத் தொடங்கினார்கள். (அந்த விசயத்தில் எல்லா நாட்டு மாணவரும் ஒன்றுதான்.) 1981இல் வந்த ‘விசார்ட்ரி’யைச் செய்தவர்கள் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த இருவர். அதன் சண்டை முறை ஜப்பானுக்குப் போய், 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ ஆனது. அடுத்த வருசம் டிசெம்பரில் ஸ்குவெயார் கொம்பனியின் முதலாவது ‘ஃபைனல் ஃபேன்டசி’.

முதல் ‘டிராகன் குவெஸ்ட்’டில் விளையாட்டைச் சேமித்து வைக்க வழியே இருக்கவில்லை. நிற்பாட்டும்போது 20 எழுத்துக் கொண்ட ஒரு மந்திரச்சொல்லைத் தரும். அதைத் தாளில் எழுதி வைத்து, அடுத்த நாள் அப்படியே அடிக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிழைத்தால் எல்லாம் போச்சு. சார்ஜ் 3 சதவீதத்தில் நிற்கும்போது சேமிக்கிற இடத்தைத் தேடி ஓடின எங்களுக்கு அந்த ஜப்பான் பிள்ளைகளின் பதற்றம் நல்லா விளங்கும்.

‘ஃபைனல் ஃபேன்டசி 7’ ஜப்பானில் 1997 ஜனவரியில் மூன்று இறுவட்டில் வந்தது. நின்டென்டோவின் கேட்ரிஜ்ஜுக்குள் இந்தக் கதை அடங்காது என்றுதான் ஸ்குவெயார் பழைய உறவை முறித்து சோனியின் பிளேஸ்டேசனுக்குப் போனது. அமெரிக்காவில் அது கடைக்கு வந்தது செப்ரெம்பரில். அதே 1997 செப்ரெம்பரில், இல்மனைட் ஏற்ற வந்து புல்மோட்டைக் கடலில் நின்ற ‘கோர்டியாலிட்டி’ என்ற கப்பலைக் கடற்புலிகள் தாக்கினார்கள். அதில் வேலைசெய்த சீன மாலுமிகள் சிலர் இறந்துபோனார்கள். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தெரியும். ஆனாலும் ஒரு மாதத்தின் இரண்டு செய்தியை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இல்மனைட் என்றால் எங்கட கரையில் கிடக்கிற கறுப்பு மணல். உச்சி வெயிலில் காலை வைக்க ஏலாது. அதற்குள் இருக்கிற டைட்டானியம் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் வெள்ளைத் தூளாகி, பெயின்டுக்கும் பற்பசைக்கும் போகிறது. எங்கள் ஊரின் கறுப்பு, உலகத்துச் சுவர்களின் வெள்ளை. 1950களின் கடைசியில் கூட்டுத்தாபனம் வந்ததிலிருந்து ஊரின் பேச்சில் பாதி மணலைப் பற்றியது. எத்தனை பேருக்கு வேலை, யாருடைய காணி, தோணி இழுத்து வைக்க எந்தக் கரை. எங்களில் ஒருவனின் வாப்பா அங்கே வேலை செய்து ஓய்வுபெற்றவர்.

இனி அந்த விளையாட்டின் கதை. ஷின்ரா என்று ஒரு மின்சாரக் கொம்பனி. பூமிக்கு அடியில் ஓடுகிற உயிர்ச்சத்தை ‘மாக்கோ’ என்று உறிஞ்சி மின்சாரம் ஆக்குகிறது. கதை தொடங்குவதே ஒரு மாக்கோ உலைக்குக் குண்டு வைப்பதில்தான். வைக்கிற குழுவின் தலைவன் பாரெட், வலது கைக்குப் பதிலாக இயந்திரத் துப்பாக்கி பூட்டியவன். முதல் பல மணித்தியாலம் அவன் எங்களுக்கு வெறும் சத்தக்காரன்தான். பூமி அழுகிறது, பூமி சாகிறது என்று கத்திக்கொண்டே இருப்பான்.

பிறகுதான் கோரல் வருகிறது. அது அவனுடைய ஊர். பரம்பரையாக நிலக்கரி தோண்டிப் பிழைத்த ஊர். நிலக்கரிக் காலம் முடிந்தது, உலை கட்டினால் வாழ்க்கை உயரும் என்று ஷின்ரா வருகிறது. ஊர்க்கூட்டம் நடக்கிறது. டைன் என்ற ஒருவன் மட்டும், பாட்டன்மார் தோண்டின சுரங்கத்தை விட மாட்டேன் என்கிறான். கட்டட்டும் என்று சொல்கிறவர்களில் முன்னுக்கு நிற்பது அவனுடைய உயிர்ச் சிநேகிதன் பாரெட். உலை கட்டி முடிந்து, ஒரு நாள் வெடிக்கிறது. பழியை ஊராக்களின் மேல் போட்டு, ஷின்ரா ஊரை எரித்துவிடுகிறது. மலை விளிம்பில் தொங்கின டைனின் கையைப் பாரெட் பிடித்திருந்தபோதுதான் இரண்டு பேர் கையிலும் சூடு விழுகிறது. ஒருவனுக்கு வலக்கை போகிறது, மற்றவனுக்கு இடக்கை.

உலகம் முழுக்க இந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏரித்தின் மரணத்தைத்தான் எழுதுகிறார்கள். எழுதட்டும். எங்களை உலுக்கினது கோரல்தான். கெட்டவன் கொம்பனி என்று சொல்லிவிட்டுப் போகிற கதைகள் ஆயிரம் உண்டு. கொம்பனிக்கு ‘ஓம்’ சொன்ன ஊராக்களின் பக்கம் திரும்பி, அவர்கள் ஏன் சொன்னார்கள், பிறகு அதோடு எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்கிற கதை குறைவு. ஜப்பானுக்கு இது தெரியாத விசயமில்லை. மினமாட்டாவில் பாதரச நோய் 1956இல் வெளியே தெரிய வந்தபோது, கடலுக்குள் கழிவை விட்ட சிஸ்ஸோ தொழிற்சாலைதான் அந்த ஊரின் பெரிய வேலைத்தலமாகவும் இருந்தது. நோயாளியும் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து வீடு. கதை எழுதியவர்கள் மினமாட்டாவை நினைத்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் வாசிக்கிறவருக்கு அது ஞாபகம் வராமல் இருக்காது.

இங்கே ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு சுத்தமான முறைவைப்பு இல்லை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சரிதான், ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு நிரம்பிக்கொண்டே வரும், நீங்கள் யோசிக்கிற நேரத்தில் எதிரி அடித்துவிடுவான். ஆனால் ‘காத்திரு’ என்று அமைத்துவிட்டால், மந்திரப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கும் வரை நேரம் அப்படியே நிற்கும். ஒருவரும் அசைய மாட்டார்கள். நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.

பாலைவனச் சிறையில் பாரெட் கடைசியில் டைனைச் சந்திக்கிறான். டைனுக்கு மனசு உடைந்து பல காலம். சண்டை வருகிறது. மற்ற இரண்டு ஆட்களையும் விலக்கிவிட்டு பாரெட் தனியாகத்தான் போக வேண்டும். எங்கள் பங்கீட்டில் பாரெட், கூட்டுத்தாபனத்தில் வாப்பா வேலை செய்தவனுடைய ஆள். போனை அவனிடம் கொடுத்தோம்.

அவன் மந்திரப் பட்டியலைத் திறந்தான். ஒன்றையும் தெரிவுசெய்யவில்லை. இரண்டு பேரும் துப்பாக்கிக் கையை நீட்டியபடி நின்றார்கள். அடிடா, சார்ஜ் போகுது என்றோம்.

“உலை வேணும் எண்டு பாரெட் செல்லாம இருந்திருந்தா, அந்த ஊர் என்னத்தத் திண்டிருக்கும் மச்சான்?” என்று கேட்டான்.

எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை. நிலக்கரி, என்றான் ஒருவன் மெல்ல. நிலக்கரியை யாரும் வாங்கவில்லை என்று கதையிலேயே இருக்கிறதே என்றான் மற்றவன். வெளியே கரண்ட் வந்துவிட்டது போல, பக்கத்து வீட்டில் பிள்ளைகள் கூவினார்கள். அவன் இன்னும் பட்டியலை மூடவில்லை.