ஏணைத் துணியும் ஒரு வரலாற்றுச் சான்றுதான்



பேராக் மாநிலத்தின் பொருளாதாரம் பற்றித் தேர்வில் கேட்டால் என்ன எழுதுவீங்க? 1877-இல் கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் செழித்தது. 1985-இல் ஈய விலை சரிந்தது. விடை சரிதான். ஆனால் அதில் மனிதர்கள் எங்கே?

ஒரு பழைய சேலையிலிருந்து தொடங்குவோம். வெயில் ஏறுவதற்கு முன்புதான் ரப்பர் பால் நன்றாக வடியும். அதனால் விடியும் முன்பே பெரட்டு. தாய்மார்களும் உளி, வாளியோடு நிரைக்குப் போயிடுவாங்க. கைக்குழந்தை ஆயக்கொட்டகைக்குப் போகும். அங்கே உத்தரத்தில் பழைய சேலைகள் ஏணையாகத் தொங்கும், ஆயா ஆட்டிவிடுவார். தாய் வேலைக்கு வந்தால்தான் தோட்டத்துக்கு உற்பத்தி. ஒருவர் கூலியில் குடும்பமும் நடக்காது. ஆகவே உளியைப் போல, மங்கைப் போல ஏணையும் தொழில் வரலாற்றின் சான்றுதான்.

1938 முதல் 1982 வரை ஓடிய தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பலை பத்துகாஜா அருகே இன்றும் பார்க்கலாம். அதன் எடை ஏறக்குறைய 4,500 டன். இரும்பைக் காப்பாற்றிவிட்டோம். ஏணைச் சேலையோ கிழிந்து கரித்துணியாகப் போயிடுச்சு. அதில் தூங்கியவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களும் போய்விட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஜப்பானியக் கலைஞர் தொஷிக்கோ மக்காடமின் படைப்புக்குள் ஒருமுறை பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள். அதன் பிறகே அவர் பிள்ளைகள் விளையாடுவதற்காகவே வலை பின்னத் தொடங்கினார். 2009-இல் ஹக்கோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அமைந்த அவரது வலை புகழ்பெற்றது. தொட்டுப் பார்த்தால் பிள்ளைகள் மறக்க மாட்டாங்க.

நம் வகுப்பிலும் செய்யலாம்:

1. ஒரு பழைய சேலையில் துணியால் ரப்பர் மரம் ஒட்டுங்க. பட்டையில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரு நாடா தைங்க. அதுதான் வெட்டுக்கோடு. பால் குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும்.

2. வெள்ளை நூலை இழுத்தால் பால் மங்கில் விழட்டும்.

3. ஓரத்தில் சிறு பைகள் தைங்க. வீட்டுப் பெரியவரிடம் கேட்டதை எழுதி உள்ளே வைக்கட்டும். தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதும் வேண்டும்.

மாணவர்களே, அந்தப் பையில் இருப்பது வாய்மொழிச் சான்று. நினைவு சில நேரம் தடுமாறும். பாடநூலோடும் இன்னொரு பெரியவர் சொல்வதோடும் ஒப்பிட்டுப் பாருங்க. ரப்பர் தொழிலின் விளைவுகளை எழுதும்போது பெண்களின் உழைப்பையும் ஒரு கருத்தாகச் சேர்க்கலாம்.

முதல் கேள்வி சுலபம்: "பாட்டி, நீங்க வெட்டுக்குப் போனப்ப பிள்ளையை யார் பார்த்துக்கிட்டாங்க?"