பாடுவோனும் கூலியும்

கல்முனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களில், நோன்பு மாதத்து ஸஹர் வேளையில் றபான் கொட்டிப் பைத் பாடிவந்த பக்கீர்மார்க்கு, கேட்ட வீட்டார் அளித்ததே கூலி. 1877இல் எடிசன் கண்ட ஒலிப்பதிவுக் கருவியும் பின்வந்த இசைத்தட்டும் இந்நேருறவைத் துண்டித்தன; இடையே நிறுவனம் புகுந்தது. நாகூர் ஹனிபாவின் குரல் தட்டிலும் வானொலியிலும் ஏறியே இக்கரையின் வீடுகளில் ஒலித்தது. 2021இல் ஸ்போட்டிஃபை இலங்கைக்கு வந்தது. 2023இல் உலக ஒலிப்பதிவு வருமானத்தின் மூன்றிலிரண்டு பங்கு இத்தகைய இணையவழிக் கேட்டலால் விளைந்ததே. ஆயினும் ஒருமுறை கேட்டலுக்குப் பாடகர் பெறுவது அமெரிக்கச் சதத்தின் சிறு கூறேயாம். ஆதலின் பலர்க்கு மீண்டும் மேடைக் கச்சேரியே சோறிடுகின்றது. பக்கீரின் நிலையோ வேறு. ஒலிபெருக்கியும் கைப்பேசி மணியும் துயிலெழுப்பும் வீடுகள் அவரை எதிர்பார்ப்பதில்லை. நுழைவுச்சீட்டு விற்கும் மேடையும் அவர்க்கில்லை.